கார்ல்டன் வாட்கின்ஸும் 'நன்றி: கூகிள்' போட்ட நானும்

யோசெமிட்டின்னு சொன்னதும் போட்டோ பைத்தியங்களுக்கு ஆன்சல் ஆடம்ஸ்தான் ஞாபகம் வருவார். எனக்கும் அப்படித்தான். ஆனா ஆடம்ஸ் பிறந்ததே 1902-ல். அதுக்கு 41 வருஷம் முன்னாடியே, 1861-ல், கார்ல்டன் வாட்கின்ஸ் அந்தக் கலிபோர்னியப் பள்ளத்தாக்குக்குக் கேமராவோட போயிட்டார்.

கேமரான்னா கழுத்துல மாட்டிக்கிற சமாச்சாரம் இல்லைங்க. 18-க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடு போடுற பெரிய பெட்டி. மூட்டைமுடிச்செல்லாம் கோவேறு கழுதை மேல. தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாகணும். இப்படி 30 பெரிய தகடுகளோட திரும்பினார். யோசெமிட்டியைப் பொதுமக்களுக்காகக் காக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்துப் போட்டது 1864 ஜூன் 30-ல். அதுக்கு இந்தப் படங்களும் பலம் சேர்த்தன என்பார்கள்.

அப்புறம் கடன். 1870-களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த அவர் ஸ்டுடியோவும் நெகட்டிவ்களும் கைமாறின. போட்டியாளர் ஐசையா டேபர் அதே நெகட்டிவ்களை அச்சடித்து, தன் பேரில் விற்றார்.

"மனுஷனுக்கு வியாபாரம் தெரியலை, யாரை நோக?"ன்னு கேட்கலாம். நான் ஒத்துக்க மாட்டேன். கடனுக்குக் கண்ணாடியை எடுத்துக்கோ, கடையை எடுத்துக்கோ. எடுத்தவன் பேர் எந்தக் கணக்கில் சேரும்?

வாட்கின்ஸ் சும்மா உட்காரலை. ஐம்பதை நெருங்கும் வயசில் மறுபடி யோசெமிட்டிக்குப் போய், முதலிலிருந்து எடுத்தார். 'புதிய வரிசை'ன்னே பேர் வைத்தார். அதுவும் நிலைக்கவில்லை. 1906 பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில் ஸ்டுடியோவே சாம்பலானது. ஏற்கனவே பார்வை போயிருந்தது. 1910-ல் நாபா மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1916-ல் அங்கேயே இறந்தார். கல்லறையில் பேர்கூடக் கிடையாது. யோசெமிட்டியில் ஒரு மலைக்கு மட்டும் 'மவுண்ட் வாட்கின்ஸ்'னு பேர் இருக்கு.

இதைப் படிச்சிட்டு என் பழைய பதிவுகளைப் புரட்டினேன். படம் போட்ட இடத்திலெல்லாம் கீழே 'நன்றி: கூகிள்'. கூகிளா மலை ஏறிச்சு? டேபரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, சொல்லுங்க?

ஒவ்வொண்ணா எடுத்தவர் பேரைத் தேடிப் போட்டுக்கிட்டிருக்கேன். கிடைக்காத படங்களைத் தூக்கிட்டேன். பதிவு கொஞ்சம் மொட்டையாத்தான் தெரியுது. பரவாயில்லை. நீங்களும் ஒருதடவை உங்க பக்கத்தைப் புரட்டிப் பாருங்களேன்.