'அங்கிள்' என்றால் யார்?

 

மேட்டுப்பாளையத்தில் லாரிகள் நிற்கும் இடத்தருகே ஒரு தேநீர்க் கடை. ஒரு தம்பி, "எங்க அங்கிள், ஹஜ்ரத்" என்று ஒருவரைக் காட்டினான். "சாச்சாவா, மாமாவா?" என்றேன். விழித்தான். "உங்க அத்தாவோட கூடப்பிறந்த தம்பிடா நான்!" என்றார் அவர். வாய் சிரித்தது; முகம் வாடியிருந்தது.

ஆங்கிலம் படி, வேலைக்கும் வியாபாரத்துக்கும் அது தேவை. ஆனால் உறவைச் சொல்வதில் அம்மொழி ஏழை. பெரியத்தா, சாச்சா, மாமா, எதிர்வீட்டுக்காரர் எல்லாரும் அங்கே 'அங்கிள்'தான்!

இது வெறும் பேச்சு வழக்கா? திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 23-ஆம் வசனம் தந்தையின் சகோதரிகளையும் தாயின் சகோதரிகளையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. வாரிசுரிமையில் தந்தையின் சகோதரர் 'அஸபா'. தாயின் சகோதரர் அப்படியல்ல. தாயின் சகோதரி மஹ்ரம். எதிர்வீட்டுப் பெண் மஹ்ரம் அல்ல. இருவரும் 'ஆன்ட்டி' என்றால் பிள்ளைக்கு எல்லை எப்படிப் புரியும்?

வியாபாரியே! கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தாலும் பேரேட்டைப் புரட்டுகிறாய். உறவுக் கணக்கில் ஒரு சாச்சாவே காணாமல் போகிறாரே, கவனித்தாயா?

இன்றிரவு சோற்றுத் தட்டின் முன் பிள்ளைகளை உட்கார வை. யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லிக் கொடு. முறை தெரிந்த பிள்ளைதான் நாளை உரிமையும் கடமையும் அறியும்.