பொதுவழி ஒன்று போதுமா?

ஒரே கணிப்பொறியைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிப்பொறிபோல் இயக்கலாம் என அறிந்து வியந்தோம். ஐ.பி.எம். நிறுவனம் 1988-இல் தன் 3090 பெரும்பொறிகளுக்கு இவ்வசதியைத் தந்தது. ஆனால் வட்டுக்கும் அச்சுப்பொறிக்கும் செல்லும் தடங்களைக் கூறுக்குக் கூறு தனியே ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரு கூறின் தடம் சும்மா கிடக்க, அடுத்தது நெரிசலில் தவித்தது! 1990-களின் தொடக்கத்தில் எஸ்கான் தடங்கள் பொதுவாயின. 2004-இல் வந்த பவர்5 பொறிகளில் ஒரு கூறே மற்றவற்றுக்காக வட்டையும் வலையிணைப்பையும் கையாள முடிந்தது. செலவு குறைந்தது, உண்மை. எனினும் அக்கூறு நின்றால் அதை நம்பிய அனைத்தும் நிற்குமே! விடுதியில் ஒரே குழாய் பழுதான காலைப்பொழுதை நாம் அறியோமா? ஆகவே மருத்துவமனை, வங்கி போன்ற இடங்களில் அத்தகைய கூறு இரண்டு இருந்தே தீரவேண்டும் என்போம். ஒன்றைப் பழுதுபார்க்கையில் மற்றது பணியைத் தாங்கும்.