ஸ்டார்ட் ஆனாப் போதுமா?

பத்து வருசம் கிடந்த வண்டி ஒரே செல்ஃபில உறுமிக்கொண்டு எழும்புற வீடியோக்கள் எங்கட போன்களில நிறையச் சுத்துது. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா திரியாயில கோடிக்குள்ள நிக்கிற பழைய டீசல் பிக்கப்பை அதைப் பாத்துத் தட்டி எழுப்ப வெளிக்கிட்டா, வண்டியும் போகும், காசும் போகும். ஸ்டார்ட் ஆகிறது வேறை, ஓடுற நிலைக்கு வாறது வேறை.

முதல்ல, ஏன் எழுப்பவேணும்? 1985-ல எரிக்கப்பட்டு, 2002 சமாதான காலத்துக்குப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்து குடியேறின ஊர் இது. திருகோணமலை நகரம் நாற்பது கிலோமீற்றருக்கு மேல தெற்கே கிடக்கு. வாகனம் இல்லாத விவசாயி, மெசின் வெட்டிக் கொட்டின ஈரநெல்லை வயலடியிலேயே வியாபாரி சொல்லுற விலைக்குக் குடுக்கவேண்டி வருது. சொந்த வண்டி இருந்தா வீட்டை கொண்டுபோய்க் காயவிட்டு, விலை பாத்து விக்கலாம். புதுசா வாங்கலாமே எண்டா, 2020 மார்ச்சில நிறுத்தின வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. வரியோட சேத்துப் பாத்தா அந்த விலை எங்கட ஆக்களுக்கு எட்டாது. அதால, கோடிக்குள்ள நிக்கிறதைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுக்கிறதுக்கு முன்னம் ஒருக்கா யோசிக்கத்தான் வேணும்.

ஆனா யோசிக்கிற ஒழுங்கு முக்கியம். எல்லாரும் எஞ்சினில தொடங்குவினம். நான் சேசியில தொடங்கச் சொல்லுவன். கடற்காத்து அடிக்கிற இடத்தில வண்டிக்குக் கீழ படுத்துச் சுத்தியலால தட்டிப் பாருங்கோ. சேசி பொருபொருத்துக் கொட்டினா அதோட விட்டிடுங்கோ. அடுத்தது பதிவுப் புத்தகம். அதில பேருள்ள ஆள் இறந்திருந்தா அல்லது வெளிநாடு போயிருந்தா, முதல் வேலை கராஜில இல்லை, கந்தோரில. காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் இல்லாம வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது.

இது ரெண்டும் சரியெண்டாத்தான் எஞ்சின். உதாரணத்துக்கு, 2எல் எஞ்சின் போட்ட பழைய ஹைலக்ஸை எடுப்பம். கனகாலம் நிண்ட தாங்கியில தண்ணி அடியில இறங்கும். தண்ணியும் டீசலும் சேருற இடத்தில கிருமி வளந்து சளிமாதிரிப் படியும். டீசல் பம்புக்குள்ள உராய்வைக் குறைக்கிறது அந்த டீசல்தான், வேற எண்ணெய் இல்லை. அழுக்கு டீசலோட ஒருக்காச் சுத்தவிட்டாலே பம்ப் காயப்படும். எழுப்புற செலவிலேயே பெரிய செலவு அதுவாத்தான் வரும். தாங்கியைக் கழட்டிக் கழுவி, ஃபில்டரும் ரப்பர் குழாயளும் மாத்தி, புது டீசல் விட்டுக் காத்து எடுக்கவேணும்.

ஹீற்றர் பிளக்குகளைக் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊறவிடுங்கோ. பிறகு ஸ்பானரைப் போட்டுக் கையால ரெண்டு முழுச் சுத்துச் சுத்திப் பாருங்கோ. இறுகி நிண்டா பலவந்தம் வேண்டாம். இந்த எஞ்சினில ரைமிங் பெல்ட் ரப்பர். ஓடாட்டிலும் ரப்பர் வயசுபோகும். அது அறுந்தா வால்வு பிஸ்டனில அடிக்கும். அதால பெல்ட் மாத்தாமச் சாவி போடக்கூடாது.

இவ்வளவும் செய்தாலும் வண்டி றோட்டுக்கு இல்லை. பிறேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். ரயரில நாலு இலக்கம் இருக்கும்: 2309 எண்டா 2009-ஆம் ஆண்டு 23-ஆம் கிழமை செய்தது. பூ தேயேல்லை எண்டு அதில நெல்லு மூட்டையும் ஏத்தி, மேல நாலு பேரையும் ஏத்தினா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

"யுத்த காலத்தில மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்கள் நாங்கள், இதெல்லாம் ஒரு விசயமே?" எண்டு பெரியாக்கள் கேப்பினம். உண்மைதான். 1990-க்குப் பிறகு எரிபொருள் தடை இருக்கேக்க, யாழ்ப்பாணத்தில ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினவை. அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறன். ஆனா அவையள் அப்பிடி ஓடினது வேற வழி இல்லாததால. அதுவும் பெற்றோல் எஞ்சின். டீசல் பம்புக்கு மண்ணெண்ணெயின்ர வழுவழுப்புப் போதாது. இண்டைக்கு டீசல் கடையில இருக்கு, ஃபில்டர் கடையில இருக்கு. இப்பவும் குறுக்குவழியில போறதைக் கெட்டித்தனம் எண்டு சொல்ல ஏலாது.

அந்தக் காலத்து மெக்கானிக்மாரிட்ட நாங்கள் படிக்கவேண்டியது, உள்ளதைக் கழட்டி, கழுவி, பாத்துப் பாத்துப் பூட்டின அவையின்ர பொறுமையைத்தான். ஒரு மாசம் பிந்தினாலும் பரவாயில்லை. அடுத்த போகத்து நெல்லை ஏத்திக்கொண்டு போய், ஆக்களோட பத்திரமாத் திரும்பி வரேக்க, வண்டி எழும்பீட்டுது எண்டு சொல்லுங்கோ.