உசாவாது முடக்குதல் என்ன முறைமை?

உழைத்தவன் கைக்கு வந்த பணம் உழைத்தவனுக்கே உரியது. அதனை அவன் எடுக்கவும் கொடுக்கவும் விடாமல் தடுப்பவர் எவராயினும், தடுத்ததற்குரிய கரணியத்தை அவனிடம் சொல்லக் கடமைப்பட்டவராவர். இது சட்ட நூல்களைப் புரட்டித் தெளிய வேண்டிய அரும்பொருள் அன்று; ஊர்ச்சந்தையில் கீரைக்கட்டு விற்கும் மூதாட்டிக்கும் தெரிந்த எளிய நயன்மையே. ஆயினும், கைப்பேசி வழியே பணம் கொடுப்பதும் வாங்குவதும் நாட்டு வழக்காகிவிட்ட இந்நாளில், இவ்வெளிய நயன்மை நாள்தோறும் மிதியுண்டு வருகின்றது.

2016-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த பணச்செலுத்து முறை (யூபிஐ) தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் இரவில், ஐந்நூறு உருபா, ஆயிரம் உருபாத் தாள்கள் செல்லாவென்று நடுவணரசு அறிவித்தது. கையில் தாளில்லாத மக்கள் வேறு வழியின்றிக் கைப்பேசியை நாடினர். பின்னர் அது பழக்கமாயிற்று. பழக்கம் கட்டாயம் போலவே ஆயிற்று. தேநீர்க் கடையிலும் பூக்கடையிலும் தள்ளுவண்டியிலும் கட்டங்கட்டமாய்க் கோடிட்ட குறியட்டை தொங்குகின்றது. பணம் வந்து சேர்ந்ததைப் பக்கத்தில் உள்ள பெட்டி உரக்கக் கூறுகின்றது. வரும் பணத்தைத் தெருவறியக் கூவும் இவ்வமைப்பு, அப்பணம் முடக்கப்படும்பொழுது மட்டும் உரியவர் காதில் ஒரு சொல்லும் ஓதுவதில்லை.

முடக்கம் எங்ஙனம் நேர்கின்றது? எங்கோ ஒருவர் இணையக் கயவர்களிடம் பணத்தை இழக்கின்றார். 1930 என்னும் எண்ணிலோ, நடுவணரசு 2019-ஆம் ஆண்டு தொடங்கிய இணையக்குற்ற முறையீட்டுத் தளத்திலோ முறையிடுகின்றார். உடனே அப்பணம் சென்ற தடத்தைப் பின்பற்றி, முதற்கணக்கு, அதிலிருந்து பணம் பெற்ற இரண்டாம் கணக்கு, அதன்பின் மூன்றாம் கணக்கு, நான்காம் கணக்கு என்று ஒவ்வொன்றும் தடுத்து நிறுத்தப்படுகின்றது. கயவன் ஒருவன் தான் பறித்த பணத்தில் ஐம்பது உருபாவைக் கொடுத்துத் தேநீர் குடித்துச் சென்றிருந்தால், அத்தடம் தேநீர்க் கடைக்காரரின் கணக்கிலும் வந்து முடியும். வந்தவன் கயவனா நல்லவனா என்று முகம் பார்த்து அறியும் கலை அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்று எச்சட்டமும் சொல்லவில்லை. ஐயத்திற்குரிய தொகை ஐம்பது உருபாவே எனினும், பல நேரங்களில் முடக்கப்படுவது அக்கணக்கு முழுமையும் ஆகும். மகளின் கல்லூரிக் கட்டணம், பால்காரருக்குத் தரவேண்டிய பாக்கி, கடைவாடகை, மறுநாட் சரக்குக்கான முதல் ஆகிய எல்லாம் அதனுள்ளே சிக்கிக்கொள்கின்றன.

அவர் வைப்பகத்திற்கு (வங்கிக்கு) ஓடுகின்றார். “எமக்கு ஒன்றும் தெரியாது, காவல்துறை சொன்னது, நிறுத்தினோம்” என்று வைப்பகம் கைகழுவுகின்றது. எந்தக் காவல்துறை என்று கேட்டால், குசராத்து என்றோ தெலுங்கானம் என்றோ வடபுலத்து வேறொரு மாநிலம் என்றோ சொல்லி, ஒரு முறையீட்டு எண்ணைத் தாளில் எழுதித் தருகின்றது. அங்குத் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பாரில்லை. எடுத்தாலும் பேசும் மொழி இவருக்கு விளங்குவதில்லை. பணச்செயலியை நடத்தும் நிறுவனத்தைக் கேட்டாலோ, ஆங்கிலத்தில் பொறி தரும் மறுமொழியே மீண்டும் மீண்டும் வருகின்றது. மூவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டி விலக, நடுவில் நிற்பவர் குற்றமற்ற கடைக்காரர். 2023-ஆம் ஆண்டு கேரளத்துச் சிறுவணிகர் பலர் இவ்வாறே திடுமெனக் கணக்கு முடங்கித் தெருவில் நின்றனர். தமிழ்நாட்டு வணிகருக்கும் இத்துன்பம் புதிதன்று.

சட்டம் என்ன சொல்கின்றது? வைப்பகக் கணக்கும் காவல்துறை கைப்பற்றத்தக்க சொத்தே என்று 1999-ஆம் ஆண்டு இந்திய உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், கைப்பற்றிய செய்தியைக் குற்றவியல் நடுவருக்கு உடனே அறிவித்தல் வேண்டும் என்பது அன்றைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவிலேயே உள்ள கட்டாயம். 2024-ஆம் ஆண்டு சூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதுச்சட்டத்தின் 106-ஆம் பிரிவும் அதனையே சொல்கின்றது. சட்டத்தின் வழியன்றி எவருடைய சொத்தும் பறிக்கப்படலாகாது என்பது இந்திய அரசியலமைப்பின் 300-அ பிரிவு. ஏட்டில் உள்ள நெறி இது. நடப்பிலோ, ஒரு மின்னஞ்சல் வந்தவுடன் கணக்கு மூடப்படுகின்றது. நடுவருக்கு அறிவிக்கப்பட்டதா என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

கேட்கத் துணிந்து முறைமன்றம் ஏறியவர்க்கு ஓரளவு நயன்மை கிடைத்துள்ளது. ஐயத்திற்குரிய தொகையளவிற்கே தடை நிற்கலாம் என்று கேரள உயர் முறைமன்றம் 2023-இல் வரையறுத்தது. 2024-ஆம் ஆண்டு சென்னை உயர் முறைமன்றத்தின் முன் வந்த வழக்கில், கணக்கில் இருந்த தொகை ஏறத்தாழ ஒன்பதரை இலக்கத்திற்கு மேல்; ஐயத்திற்குரியதாகச் சொல்லப்பட்டதோ ஏறத்தாழ இரண்டரை இலக்கமே. ஆயினும் முழுக்கணக்கும் முடக்கப்பட்டுக் கிடந்தது. தொகையை வரையறுக்காமலும் கரணியம் சொல்லாமலும் முழுக்கணக்கையும் முடக்குவது வாழ்வுரிமையையே தாக்குவது என்று கண்ட அம்மன்றம், ஐயத்தொகையை மட்டும் நிறுத்திவைத்து எஞ்சியதைக் கணக்கருக்குத் திறந்துவிடச் செய்தது. நல்ல தீர்ப்பே. ஆனால், நாளொன்றுக்கு ஐந்நூறோ ஆயிரமோ ஈட்டும் கடைக்காரர், தம் பணத்தைத் தாமே எடுப்பதற்கு வழக்குரைஞரை அமர்த்திச் சென்னைக்கோ மதுரைக்கோ அலைய இயலுமா? முடங்கிய தொகை பத்தாயிரம், அதனை மீட்கும் செலவு இருபதாயிரம் என்றால், அவர் பணத்தை விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

இங்குத்தான் மொழிச்சிக்கல் வந்து நிற்கின்றது. பணச்செயலிகள் முகப்பில் தமிழைக் காட்டுகின்றன. விளம்பரத்தில் தமிழ் பேசுகின்றன. ஆயினும், பயனர் “ஒப்புகிறேன்” என்று தொட்டு ஏற்கும் நெடிய ஒப்பந்தம் ஆங்கிலத்தில் கிடக்கின்றது. எந்நேரத்திலும் கணக்கை நிறுத்தி வைக்கும் உரிமையை நிறுவனம் தனக்கென எழுதிக்கொள்வது அவ்வொப்பந்தத்தில்தான். பணத்தை வாங்குவதற்குத் தமிழ், அதனை மறிப்பதற்கு ஆங்கிலம் என்பதே இவர்கள் மொழிக்கொள்கை. வைப்பகத்தில் மக்கள் நிரப்பும் படிவங்கள் இந்தி, ஆங்கிலத்தோடு அந்தந்த மாநில மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று இந்திய ஏம வைப்பகமே (ரிசர்வ் வங்கியே) அறிவுறுத்தியுள்ளது. பத்து உருபாவைக் கட்டும் தாளுக்குத் தமிழ் வேண்டுமென்றால், பத்து இலக்கத்தை முடக்கும் ஆணைக்குத் தமிழ் வேண்டாவா?

ஆணைக்கு அடிப்படையான சட்டத்தின் பெயரைத்தான் பார்க்கலாமே. ‘பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா’ என்பதாம்! கணக்கை இழந்த சிவகாசித் தொழிலாளியும் நாகைப் பரதவரும் தம்மை மறித்த சட்டத்தின் பெயரையும் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாதவாறு பெயர் சூட்டியிருக்கின்றனர். சட்டத்தின் பெயர் வடபுலத்தது. முடக்கச் சொன்ன அலுவலர் மொழி வேறு. முடக்கிய வைப்பகத்தின் ஓலை ஆங்கிலம். முடங்கிய பணம் மட்டும் தமிழனுடையது.

தனியார் நிறுவனங்களின் போக்கும் இத்தகையதே. அமெரிக்கப் பணச்செலுத்து நிறுவனமான பேபால், ஒரு கணக்கை ஐயுற்றால் அதிலுள்ள பணத்தை 180 நாள்வரை நிறுத்திவைக்கத் தன் ஒப்பந்தத்திலேயே இடம் செய்துகொண்டுள்ளது. 2010-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நிறுவனம் இந்தியாவிற்கு வரும் தனியாள் பணவரவைத் திடுமென நிறுத்தியது. உள்நாட்டு வைப்பகங்களுக்குப் பணத்தை மாற்றும் வழியும் சில கிழமைகள் அடைபட்டது. வெளிநாட்டார்க்கு மொழிபெயர்த்தும் கணிநிரல் எழுதியும் பிழைத்தவர், செய்த வேலைக்குரிய கூலியைத் திரையில் கண்டும் கையில் காணாது தவித்தனர்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் யெசு வைப்பகத்தை ஏம வைப்பகம் கட்டுக்குள் கொணர்ந்து, ஒருவர் ஐம்பதாயிரம் உருபாவிற்கு மேல் எடுக்கலாகாது என்று வரம்பிட்டபொழுது, அதனைச் சார்ந்திருந்த போன்பே செயலியும் உடன் நின்றது. அவ்வைப்பகத்தில் ஒரு காசும் போடாதவர்க்கும் பணம் கொடுக்கும் வழி அடைபட்டது. தம் செயலிக்குப் பின்னால் நிற்பது எந்த வைப்பகம் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் 2024-ஆம் ஆண்டு நேர்ந்தது இதனினும் பெரிது. செயலிகளுக்கும் வைப்பகங்களுக்கும் இடையே நின்று கணக்கெழுதிய சினாப்சு என்னும் நிறுவனம் நொடித்தது. ஓர் இலக்கத்திற்கு மேற்பட்ட மக்களின் 26 கோடித் தாலருக்கு மேற்பட்ட பணம் எடுக்கவொண்ணாது முடங்கியது. யாருக்கு எவ்வளவு உரியது என்னும் கணக்கே ஒத்துவரவில்லை. செயலி என்பது வாயில்தான், கருவூலம் அன்று. வாயிற்காவலன் கதவை அடைத்தால் கருவூலத்தில் பொருள் இருந்தும் பயனில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

இவற்றைச் சொல்வதால், இணையக் கயவரைத் தப்பவிடுக என்பது பொருளன்று. ஓய்வூதியம் முழுவதையும் ஒரே தொலைபேசி அழைப்பில் இழந்த முதியவர்கள் தமிழ்நாட்டிலும் பலர். பறித்த பணம் ஓரிரு மணி நேரத்திற்குள் பல கணக்குகளில் சிதறிவிடுகின்றது. ஆகலின் விரைந்து மறித்தல் கட்டாயமே. ஆனால் விரைவு மறிப்பதற்கு மட்டும் உரியதா? மணிக்கணக்கில் மறிக்கத் தெரிந்த பொறிக்கு, நாள்கணக்கில் உசாவி விடுவிக்கத் தெரியாதா? இழந்தவரின் கண்ணீரைத் துடைக்க, இழைக்காதவரின் கண்ணீரை வரவழைப்பது எவ்வகை நயன்மை?

உசாவாமல் ஒறுத்ததன் விளைவை இவ்வுலகிற்கு முதன்மையாய்ச் சொன்னவர் தமிழரே. சிலப்பதிகாரத்தின் நடுநாடி அதுவன்றோ? பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனை ஒரு சொல்லும் கேளாமல் கொல்வித்தான் பாண்டியன். ஆயினும், கண்ணகி சிலம்பேந்தி வந்து நின்றபொழுது அவன் வாயில் திறந்திருந்தது. அவள் பேசிய மொழி அவனுக்கு விளங்கியது. சிலம்பை உடைத்து மெய்ம்மையைக் காட்ட அவளுக்கு இடம் கிடைத்தது. இன்றைய கடைக்காரருக்கு அவ்வாயிலும் இல்லை. கேட்கும் காதும் இல்லை. சான்றைக் காட்ட அவையும் இல்லை.

அயலார் கையில் பணத்தை ஒப்படைத்து ஏமாறுவது தமிழகத்திற்கு முதன்முறையும் அன்று. 1906-ஆம் ஆண்டு அக்தோபரில், சென்னையில் பெரும்பேர் பெற்றிருந்த ஆர்பத்நாட்டு என்னும் ஆங்கிலேய நிறுவனம் நொடித்து வீழ்ந்தது. அதனை நம்பிப் பணம் போட்டிருந்த எண்ணற்ற குடும்பங்கள் நிலைகுலைந்தன. அன்றிருந்தோர் அழுது அடங்கிவிடவில்லை. வழக்குரைஞர் கிருட்டிணசாமி ஐயர் முதலானோர் முனைந்து நிற்க, 1907-இல் இந்தியன் வைப்பகம் தோன்றியது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வைப்பகம் எழுந்து, பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வைப்பகமாய் வளர்ந்தது. பணத்தின் திறவுகோல் மக்களுக்கு எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும் என்பதே அம்முயற்சிகளின் கருத்து. இன்று அத்திறவுகோல் கண்ணுக்கே தெரியாத தொலைவிற்குப் போய்விட்டது.

ஆகவே, தமிழக வணிகர் அமைப்புகளும் தமிழ்நாட்டரசும் நடுவணரசையும் ஏம வைப்பகத்தையும் நோக்கி எழுப்ப வேண்டிய வேண்டுகைகள் தெளிவானவை. முதலாவது, ஐயத்திற்குரிய தொகை மட்டுமே மறிக்கப்படல் வேண்டும். எஞ்சிய பணம் உரியவர் கையில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, மறித்த அன்றே, மறித்தவர் யார், எந்த முறையீட்டின்மேல், எவ்வளவு தொகை, எவரிடம் விடை சொல்ல வேண்டும் என்பவை கணக்கருக்குத் தமிழில் எழுத்து வழியே தெரிவிக்கப்படல் வேண்டும். மூன்றாவது, தமிழ்நாட்டார் எவரும் தம் சான்றைத் தம் மாவட்டத்துக் காவல் அலுவலகத்திலேயே தமிழில் அளிக்க இயலவேண்டும். அதனை வேற்று மாநிலத்திற்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அரசுக்கே உரியதாதல் வேண்டும். நான்காவது, குறித்த நாளுக்குள் குற்றத்தொடர்பு நாட்டப்படாவிடின் முடக்கம் தானாகவே நீங்குதல் வேண்டும்; குற்றமற்றவர் பணத்தை முடக்கியவர் அதற்குரிய வட்டியும் இழப்பீடும் தருதல் வேண்டும். இவை மாற்றத்தக்க சுற்றறிக்கைகளாக இருந்தால் போதா. மீறினால் ஒறுப்புத் தரும் சட்டப்பிரிவுகளாக இருத்தல் வேண்டும்.

அதுவரை தமிழ்வணிகர் விழிப்போடு இருப்பாராக. வணிகப் பணத்தையும் குடும்பப் பணத்தையும் ஒரே கணக்கில் வையாது பிரித்து வைப்பாராக. விற்பனைச் சீட்டுகளைப் பேணுவாராக. கணக்கு முடங்கின் வாய்ச்சொல்லோடு திரும்பாமல், கரணியத்தை எழுத்தில், அதுவும் தமிழில், கேட்டு வாங்குவாராக. ஒருவர் கேட்டால் வைப்பகம் தட்டிக்கழிக்கும். தெருவிலுள்ள கடைக்காரர் அனைவரும் ஒருங்கே சென்று கேட்டால் அது மறுமொழி தந்தே தீரும். உசாவாமல் பூட்டுபவரிடம் உரிமையோடு கேளாதிருப்பது, பூட்டியவர்க்குத் துணைபோவதே ஆகும்.