கோயிற்காட்டுக்கும் ஓர் அடங்கல் வேண்டும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தம் நிலத்தின் சர்வே எண்ணை அறியாத மிராசுதாரர் இல்லை. பசலிதோறும் இன்ன புலத்தில் இன்ன பயிர் என்று அடங்கலில் எழுதப்பட்டும் வருகிறது. ஆயினும் ஊர்க்கோடியில், மண் குதிரைகள் நிற்கும் ஐயனார் காட்டில் எத்தனை மரங்கள் உள்ளன, அவை எவ்வினத்தைச் சேர்ந்தவை என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

காடுகளைச் சர்க்கார் அளப்பதில்லையா எனலாம். இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் துணைக்கோட் படங்களைக் கொண்டு கணக்கு வெளியிட்டு வருகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும், நூற்றுக்குப் பத்துக்குக் குறையாத மரக்கவிகையும் உடைய நிலம் யாருடையதாயினும் அக்கணக்கில் காட்டுப்பரப்பேயாகும். ஆகவே தைலமரத் தோட்டமும் காடாக எண்ணப்படுகிறது. அரை ஹெக்டேர்க் கோயிற்காடோ அதில் சேர்வதில்லை. நாட்டிற்கு அக்கணக்குப் போதும், ஊருக்குப் போதாது. வீரையும் உலக்கைப்பாலையும் காசாவும் மெல்ல வளர்பவை. அவை அழிந்தபின், அங்கே இருந்தன என்பதற்கே சான்று இராது.

கணக்கெடுக்கும் முறை கடினமன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நாற்றுகள் தெரியும் தை மாதம் இதற்கு ஏற்றது. முதலில் காட்டின் எல்லையைப் புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பரப்பை அறிதல் வேண்டும். பின்னர்ப் பக்கத்துக்குப் பத்து மீட்டராகச் சதுரங்கள் கட்டி, அடர்ந்த இடம் வெளியான இடம் என்று பொறுக்காமல், சமதூரத்தில் அவற்றை அமைத்தல் வேண்டும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், 30 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் சுற்றளவுள்ள மரங்களை அளந்து, ஊரார் வழங்கும் பெயரோடு எழுதுக. ஒரு ஹெக்டேர்க் காட்டில் பத்துச் சதுரங்கள் பத்திலொரு பங்காம். அவற்றில் 60 மரங்கள் இருப்பின் காட்டில் ஏறத்தாழ 600 மரங்கள் எனக் கொள்ளலாம்.

இவற்றினும் முக்கியமானது, கன்றுகளைத் தனியே எண்ணுதல். பெருமரங்கள் ஓங்கி நிற்க, அடியில் அவற்றின் கன்று ஒன்றேனும் இல்லையெனில் அக்காடு வாரிசற்ற வீட்டைப் போன்றது. ஆடு மாடுகள் மேய்வதோ, சருகு அரித்தெடுப்பதோ அதற்குக் காரணமாகலாம். காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும்.

சாமி காட்டை எண்ணுவது தகாது என்போரும், எழுதிவைத்தால் உரிமை போய்விடும் என்று அஞ்சுவோரும் உண்டு. கோயில் நகைக்குப் பட்டியல் இருப்பதை எவரும் குற்றமாகக் கருதுவதில்லை. எழுத்தில் இல்லாத காடன்றோ ஆக்கிரமிப்புக்கு எளிதில் இரையாகிறது?

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், உள்ளாட்சிதோறும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுமாறு விதிக்கிறது. 2020 ஜனவரி 31க்குள் அவை முடிக்கப்பட வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடுவும் விதித்தது. கெடுவுக்காக எழுதிய ஏடு பெட்டியில் உறங்கிப் பயனில்லை. ஐந்தாண்டுக்கொருமுறை அதே சதுரங்களில் மீண்டும் அளந்தாலன்றி வளர்ச்சியோ தேய்வோ புலப்படாது. கிராம நிர்வாக அலுவலரும் ஊர்ப் பெரியோரும் வரும் தையில் ஒரு காட்டையேனும் அளக்கத் தொடங்குவாராக.