அந்த வீட்டில் சமைப்பது யார்?

சென்ற மாதம் நண்பர் ஒருவர் வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ஸ்காண்டிநேவிய பாணிக் குடும்ப வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அறை அறையாகப் படம் போட்டுக் காட்டும் புத்தகம். வெள்ளைச் சுவர், வெளிறிய மரத்தில் ஒரு நாற்காலி, ஜன்னலோரத்தில் ஒரு தொட்டிச் செடி. பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் வெள்ளைச் சுவர்.

"எவ்வளவு அமைதி, பார்த்தீர்களா?" என்றார் நண்பர்.

பார்த்தேன். அமைதிக்குக் காரணமும் உடனே விளங்கிவிட்டது. அத்தனை படங்களிலும் ஒரு மனிதப் பிறவி இல்லை. அடுப்பு இருந்தது, அதன்மேல் பாத்திரம் இல்லை. குழந்தைகள் அறை இருந்தது, குழந்தை இல்லை. யாரும் குடியிராத வீட்டில் அமைதிக்கு என்ன பஞ்சம்?

கதை எழுதிப் பிழைப்பவனுக்கு ஆள் இல்லாத வீட்டைக் கண்டால் சந்தேகம் வரும். ஆளை எங்கே ஒளித்தார்கள், ஏன் ஒளித்தார்கள் என்று தேடத் தோன்றும். தேடியதில் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் புத்தகமும் இதைப்போல் ஊரெங்கும் விற்கும் நூறு புத்தகங்களும் அந்த வீட்டின்மேல் அவதூறு சொல்லுகின்றன என்பது என் குற்றச்சாட்டு. அந்த வீடு கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று பிறந்ததில்லை. வீட்டில் யார் வேலை செய்வது, யார் எங்கே உட்காருவது, குழந்தை எங்கே படுப்பது என்று ஒரு சமூகம் பல வருஷங்கள் போட்ட சண்டையில் பிறந்தது. சண்டையை விட்டுவிட்டு, சுவரின் சுண்ணாம்பை மட்டும் நமக்கு விற்கிறார்கள்.

வாசலிலிருந்து தொடங்குவோம். ஸ்வீடனில் சாதாரணக் குடும்ப வீடொன்றின் கதவைத் திறந்ததும் கூடம் வந்துவிடாது. முதலில் ஒரு சிறிய நடை வரும். பூட்ஸ், கோட்டு எல்லாம் அங்கேயே நின்றுவிட வேண்டும். விருந்தாளிக்கும் அதே சட்டம். பல வீடுகளில் பக்கவாட்டில் இன்னொரு வாசலும் உண்டு. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'முரட்டு வாசல்' என்று ஆகும். சேற்றிலும் பனியிலும் புரண்டுவிட்டு வரும் பிள்ளை அந்த வழியாக நுழைந்தால் நேரே துணி துவைக்கும் அறையில் கால் வைப்பான். அழுக்குத் துணி அங்கேயே கழன்றுவிடும். கூடத்தைத் துடைக்கும் வேலை ஒருத்திக்கு மிச்சம். வாசலை எங்கே வைப்பது என்று யோசித்தபோதே அந்த ஒருத்தியை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நண்பரின் புத்தகத்தில் முரட்டு வாசலுக்குப் படம் இல்லை. சேறு படத்தில் நன்றாக விழாது போலும்.

அடுத்தது கூடம். ஸ்வீடிஷ் மொழியில் அதற்கு 'வார்டாக்ஸ்ரும்' என்று பெயர். 'வார்டாக்' என்றால் பண்டிகையோ விடுமுறையோ அல்லாத வெறும் நாள். வெறும் நாளில் வாழ்வதற்கான அறை என்பது பொருள். அந்த அறை சும்மா கிடைத்துவிடவில்லை. அதற்கு முன்னால் தொழிலாளிகளின் வீடுகளில்கூட 'ஃபீன்ரும்' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். நல்ல அறை என்று அர்த்தம். இருப்பதில் நல்ல நாற்காலி, நல்ல மேஜை விரிப்பு எல்லாம் அதற்குள் போகும். யாராவது பெரியவர்கள் வந்தால் திறக்கும். குடும்பமோ சமையலறையில் கிடக்கும். சமைப்பது அங்கே, உண்பது அங்கே, இரவில் பாய் விரிப்பதுபோல் மடக்குக் கட்டிலை விரிப்பதும் அங்கே.

1930-ல் ஸ்டாக்ஹோமில் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. கட்டடக் கலைஞர் குன்னார் ஆஸ்ப்லுண்ட் முன்னின்று அமைத்த அந்தக் கண்காட்சியில், இனி மனிதர் வாழ வேண்டிய வீடு இது என்று மாதிரி வீடுகளைக் கட்டிக் காட்டினார்கள். மறு வருஷம் அவரும் கூட்டாளிகளுமாகச் சேர்ந்து 'ஏற்றுக்கொள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் அறைகூவலே வெளியிட்டார்கள். 1941-ல் பிரிட்டா ஓக்கர்மான் என்ற அம்மாள், 'வீட்டை மீறி வளர்ந்த குடும்பம்' என்று சொல்லத்தக்க தலைப்பில், ஸ்டாக்ஹோம் குடும்பங்கள் தங்கள் அறைகளை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று ஆராய்ந்து எழுதினார். ஒருபுறம் இட நெருக்கடி. மறுபுறம் படுக்க ஆளில்லாமல் ஓர் அறை. இந்த விசித்திரம் ஊரறிய வெளிப்பட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நல்ல அறையைப் பூட்டி வைத்த ஏழைப் பெண்ணைப் பார்த்துச் சிரித்த அறிஞர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாளெல்லாம் கரியோடும் கந்தலோடும் மல்லாடுகிறவளுக்கு, அழுக்குப் படாத ஓர் இடம் தன் வீட்டிலும் இருக்கிறது என்ற எண்ணம் ஒரு கௌரவம். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல, வயிறு நிறைந்தவனுக்கு உரிமை கிடையாது. ஆனாலும் அந்தக் கௌரவத்துக்காகக் குழந்தை அடுப்படியில் படுத்தது என்பதும் உண்மை. ஆகவே நல்ல அறை போக வேண்டியதுதான். போயிற்று.

இப்போது நண்பரின் புத்தகத்துக்கு வாருங்கள். அதிலுள்ள கூடத்தில் பால்போல் வெளுத்த சோபா ஒன்று. காபிக் கோப்பையோடு அதன் பக்கம் போக முடியுமா? பென்சில் வைத்திருக்கும் பிள்ளையை அதில் உட்கார விடுவார்களா? துரத்தி அடிக்கப்பட்ட 'ஃபீன்ரும்' வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே திரும்பி வந்துவிட்டது. அதற்குத்தான் 'ஸ்காண்டிநேவிய பாணி' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்!

சமையலறைக்குப் போவோம். 1944-ல் ஸ்வீடனில் வீட்டு வேலைகளை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. பெண்கள் அமைப்புகள் முன்னின்று ஏற்படுத்திய நிலையம் அது. இரும்பு ஆலையில் தொழிலாளி எப்படி நிற்கிறான், எத்தனை முறை குனிகிறான் என்று அளப்பவர்கள், சமைக்கும் பெண்ணை ஏன் அளப்பதில்லை? இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. பெண்களைச் சமைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று அளந்தார்கள். மேடை எவ்வளவு உயரம், அலமாரி எவ்வளவு ஆழம், அடுப்புக்கும் தொட்டிக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் கணக்காயிற்று. கணக்கு நாட்டின் தர அளவாயிற்று. 1965-லிருந்து 1974 வரை, ஏறக்குறைய 80 லட்சம் ஜனங்களே இருந்த அந்த நாட்டில் ஏறக்குறைய 10 லட்சம் வீடுகள் எழுந்தன. வாடகைக் குடித்தனக்காரியின் சமையலறையும் அந்த அளவுகளைப் பார்த்தே அமைந்தது.

பின்லாந்தில் மைய்யூ கெப்ஹார்ட் என்ற அம்மாள், பாத்திரத்தைத் துடைத்துத் துடைத்தே ஒரு பெண் தன் ஆயுளில் எவ்வளவு காலத்தைக் கழிக்கிறாள் என்று யோசித்தார். 1940-களின் நடுவில் அவர் உருவாக்கிய சாதனம் மிகவும் எளியது. கழுவும் தொட்டிக்கு நேர் மேலே, அடிப்பலகை இல்லாத அலமாரி. பலகைக்குப் பதில் கம்பித் தட்டு. கழுவிய தட்டை ஈரத்தோடு அதில் செருகிக் கதவைச் சாத்திவிட்டால், நீர் தொட்டியில் சொட்டித் தானே காயும். இன்றும் அந்நாட்டில் அது இல்லாத சமையலறையைக் காண்பது அரிது. அடிப்பலகையை எடுத்துவிட்டதனால் எத்தனை லட்சம் பெண்களின் மாலைப் பொழுது மீந்தது! நண்பரின் புத்தகத்தில் அலமாரி இருக்கிறது. அதில் அழகான நீலக் கிண்ணம் இரண்டு இருக்கின்றன. அடிப்பலகையும் இருக்கிறது.

அந்த அறிஞர்கள் எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 1930-களில் அவர்கள் முதலில் வரைந்த சமையலறை, ஆராய்ச்சிக்கூடம்போல் ஒருத்தி மட்டும் நிற்கக்கூடிய சிறு பொந்து. வேலை சுருங்கியது, அவளுடைய உலகமும் கூடவே சுருங்கியது. ஜனங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மேஜையை இழுத்துக்கொண்டுவந்து சமையலறையிலேயே போட்டு உண்டார்கள். அளவுகோலின் அகந்தையைக் கேலி செய்து, நார்வேக்காரரான பென்ட் ஹாமர் 2003-ல் 'சமையலறைக் கதைகள்' என்ற பொருளில் ஒரு திரைப்படமே எடுத்தார். ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் ஒருவர் நார்வே கிராமத்துக் கிழவர் ஒருவரின் சமையலறையில் உயரமான நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசாமல் குறிப்பெடுக்கிறார். கடைசியில் இருவரும் சிநேகிதர்களாகிவிடுகிறார்கள். அளக்கிறவனும் ஒருநாள் நாற்காலியிலிருந்து இறங்கிக் காபி குடித்தாக வேண்டும்.

இனி, இந்தப் படப் புத்தகக்காரர்கள் வணங்கும் கோயிலைச் சொல்லுகிறேன். பின்லாந்தில் அல்வார் ஆல்ட்டோ 1939-ல் முடித்த 'வில்லா மைரேயா'. மரமும் கல்லும் ஒளியுமாக அற்புதமான வீடு, சந்தேகமில்லை. ஆனால் அது பெரிய தொழில் குடும்பம் ஒன்றுக்குக் கட்டியது. சமையலும் வேலைக்காரர்களும் தனிப் பகுதியில். ஆள் வைத்துக்கொண்டவர்களின் கூடம் ஓவியம்போல் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

இன்னொரு வீடு, ஸ்வீடனில் சுந்த்போர்ன் என்ற கிராமத்தில் இருக்கிறது. ஓவியர் கார்ல் லார்சன் அங்கே தம் குடும்பம் வாழ்ந்ததையெல்லாம் வரைந்து, 1899-ல் 'ஒரு வீடு' என்ற பொருளில் புத்தகமாக்கினார். ஸ்வீடனின் வீட்டழகுக்கே மூலம் என்று புகழ்பெற்றது அது. அந்தப் படங்களில் வெள்ளைப் பாலைவனம் இல்லை. சிவப்பும் பச்சையும் வாரி இறைந்திருக்கின்றன, எங்கும் குழந்தைகள். அந்த வீட்டின் விரிப்பு, திரை, மேஜை நாற்காலி பலவற்றின் வடிவம் மனைவி காரினுடையது. அவளும் ஓவியம் கற்றவள். கல்யாணத்துக்குப் பின் தூரிகையை வைத்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தவள். கணவர் அவளை வரைந்தார். பெயர் கணவருக்கு நெடுங்காலம் நிலைத்தது. அவள் கைவேலைக்குரிய மதிப்பு பிற்காலத்தில்தான் கிடைத்தது. ஒரு வீட்டின் அழகைப் பாராட்டுமுன் அதைச் செய்த கை எது என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

படுக்கையறைகள் சிறியவை. அங்கே தூங்குவதுதான் வேலை. மிச்சப்பட்ட இடம் குழந்தைகளுக்குப் போயிற்று. 1960-களில் அவர்கள் நெருக்கடிக்கு வகுத்த அளவில் கூடமும் சமையலறையும் சேராது. மற்ற அறைகளில் ஓர் அறைக்கு இரண்டு பேருக்கு மேல் போனால் அந்த வீடு நெருக்கடியான வீடு. கூடத்தில் ஒருவனைப் படுக்கவைத்துக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது.

வெள்ளைக்கும் பெரிய ஜன்னலுக்கும் வருகிறேன். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் ஏறக்குறைய 6 மணி நேரம். கிடைக்கும் வெளிச்சத்தைப் பிடித்துச் சுவருக்குச் சுவர் எறிய வேண்டிய ஏழ்மை அவர்களுக்கு. வெயில் கொட்டும் நம் ஊரில் அதே கண்ணாடிச் சுவரை மேற்கே வைத்துவிட்டு, பிறகு திரை போட்டு மூடி, குளிர்சாதனத்துக்குப் பணம் கட்டுகிறவரை என்ன சொல்ல? அந்தப் பக்கத்துக் கட்டடக் கலைஞர்களுக்கே அந்தப் பிடிவாதம் கிடையாது. சிட்னி ஆப்பரா மாளிகையை வடித்த யோர்ன் உட்சன், 1950-களின் கடைசியில் டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகரில் சுமார் 60 வீடுகள் கட்டினார். எல்லாம் சிக்கனமான வீடுகள். இரண்டு சிறகாக வளைந்த வீடு, நடுவே சுவர் சூழ்ந்த முற்றம். தெருவுக்குக் கண்ணாடி காட்டாமல், காற்றும் வெயிலும் பார்த்துத் திருப்பி வைத்த முற்றம். நிலத்தைப் பார்த்து வரைந்தார். அதுவே அவர் பாணி.

"அழகாக இருக்கிறது, வாங்குகிறோம், இதில் உமக்கென்ன?" என்று கேட்கலாம். தாராளமாக வாங்குங்கள். நல்ல நாற்காலியில் உட்காருவது பாவமல்ல. ஆனால் வீட்டின் அமைப்பு மனிதரை மாற்றிவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். அவ்வளவு அளந்து கட்டிய சமையலறையிலும் ஆண்பிள்ளை தானாக வந்து நிற்கவில்லை. 1974-ல் ஸ்வீடன், குழந்தை பிறந்தால் தகப்பனும் ஊதியத்தோடு விடுப்பு எடுக்கலாம் என்று சட்டம் செய்ய வேண்டியிருந்தது. உலகிலேயே முதல் சட்டம். அதற்குப் பிறகும் தகப்பன்மார் நகர்ந்து வரப் பல வருஷங்கள் ஆயின. சுவரை இடிப்பது ஒரு நாள் வேலை. வழக்கத்தை இடிப்பது அப்படியல்ல.

இவ்வளவு வீராவேசமாக எழுதும் நான் யோக்கியனா? என் நாவல்களைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு ஆண்கள் முக்கியமான விஷயம் பேச வேண்டிய கட்டம் வந்தால், நான் அந்த வீட்டுப் பெண்ணைத் தவறாமல் "காபி கொண்டு வருகிறேன்" என்று உள்ளே அனுப்பியிருக்கிறேன். அவள் பின்னால் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. உள்ளே ஜன்னல் உண்டா, மேடை அவள் இடுப்புக்கு எட்டுகிறதா, கூடத்துப் பேச்சு அவள் காதில் விழுகிறதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. படப் புத்தகக்காரர் ஆளை ஒளித்ததுபோல்தான் நானும் ஒளித்திருக்கிறேன்.

நண்பர் புது வீடு கட்டப் போகிறார். தம் வீட்டு வரைபடத்தையும் கொண்டுவந்திருந்தார். கூடம் இருபதடிக்குப் பதினைந்து. சமையலறை எட்டடிக்கு ஏழு. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்:

"இந்த வரைபடத்தை உங்கள் மனைவி பார்த்தார்களா?"

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு காகிதத்தைச் சுருட்டிக்கொண்டார். படப் புத்தகத்தை மறந்து இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.