சவாரியின் கணக்கு யாருக்கு?

வன்னியில் துவிச்சக்கரவண்டி நெடுங்காலமாகத் தேவையின் வாகனமாகவே இருந்து வந்திருக்கிறது. எரிபொருள் தடை நிலவிய தொண்ணூறுகளில் விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் அதன் கரியரிலேயே ஊர் கடந்தனர். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலும் ஆசிரியர், உத்தியோகத்தர் எனப் பலர் மீண்டும் பெடலுக்குத் திரும்பினர். நிர்ப்பந்தத்தினால் மிதித்த அதே வண்டியைத் தேகாப்பியாசத்துக்காகவும் மனோற்சாகத்துக்காகவும் மாத்திரம் காலைவேளையில் மிதிப்போர் இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தோன்றியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், கைத்தொலைபேசியில் ஸ்ட்ராவா போன்றதொரு செயலியை இயக்கிவிட்டு, சென்ற பாதையையும் தூரத்தையும் வேகத்தையும் பதிந்து, வீடு திரும்பியதும் அவற்றை உலகறியப் பிரகடனம் செய்யும் வழக்கமும் கூடவே வந்திருக்கிறது. பதிவு செய்வதில் தவறில்லை, பகிரங்கப்படுத்துவதிலும் பந்தயமாக்குவதிலுமே விவேகம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பதிவின் பிரயோசனத்தை மறுப்பதற்கில்லை. நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் ஒருவர், இந்த வாரம் எவ்வளவு மிதித்தோம் என்பதை ஞாபகத்தை நம்பிச் சொன்னால் கூட்டியே சொல்வார். எழுத்திலிருக்கும் கணக்கு அந்த மயக்கத்தைத் தீர்க்கும். ஆனால் எந்தக் கணக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள்வரை மிதமான தேகாப்பியாசம் செய்யவேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வகுத்த விதி நிமிடங்களையே கேட்கிறது. மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்கவில்லை. பேச முடிந்தும் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. இதை அறியக் கையிலொரு மணிக்கூடு போதும்.

வேகக் கணக்கோ நம் நிலத்தில் எளிதில் ஏமாற்றிவிடும். சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதி வழியே மாங்குளம் நோக்கிச் செல்பவர் எதிர்க்காற்றில் மிதிக்கிறார். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. ஆகவே மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவருக்குக் காற்றில்லாத நாளில் 400 பங்கு தடை இருக்குமானால், 10 கிலோமீற்றர் வேக எதிர்க்காற்றில் அது 900 ஆகும். திரும்பும்போது பின்காற்றில் 100 ஆகும். இரண்டின் சராசரி 500. போகையில் இழந்ததை வருகையில் முழுதாக மீட்க இயலாது என்பது இதன் பொருள். காற்றை அளக்கும் கருவி தொலைபேசியில் கிடையாது. அதிகம் உழைத்த நாளையே மந்தமான நாளென்று அது எழுதி வைக்கும்.

பந்தயம் இதனினும் பொல்லாதது. வீதியின் ஒரு துண்டை வரையறுத்து, அதை விரைவாகக் கடந்தோரை ஸ்ட்ராவா வரிசைப்படுத்துகிறது. ஓடிய நேரத்தைக் காட்டும்போது நின்ற நேரத்தைக் கழித்துவிடும் அச்செயலி, இந்த வரிசையில் மட்டும் அதைக் கழிப்பதில்லை. பேருந்தும் பாரவூர்தியும் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படும் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில், முதலிடத்தை விரும்பும் சவாரிக்காரர் மாத்திரம் நிற்காமல் போகவேண்டியவராகிறார். 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், இழந்த முதலிடத்தை மீட்க மலைச்சாலையில் விரைந்த ஒருவர் காரொன்றுடன் மோதி மாண்டார். கனரக வாகனங்கள் விரையும் ஏ-9 வீதிக்கு அத்தகைய ஆசை உகந்ததன்று.

பகிரங்கப்படுத்துவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில், சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த இராணுவத் தளங்களின் உட்பாதைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்ததை, 2018 ஜனவரியில் அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர் எடுத்துக்காட்டினார். படையினரின் ஓட்டமே இவ்வாறு வெளிப்பட்டதென்றால், தினமும் ஒரே நேரத்தில் ஒரே வாசலிலிருந்து தனியே புறப்படும் ஒரு பெண்ணின் பாதை எவ்வளவு எளிதில் வெளிப்படும்! யார் எங்கே போகிறார் என்று பிறர் குறித்து வைப்பதன் கசப்பை அனுபவித்தறிந்த மக்கள், அக்குறிப்பைத் தாமே எழுதி நீட்டுவது ஏன்?

வீதி அமைப்போருக்கு இத்தகவல்கள் உதவுமே என்று சிலர் வாதிக்கலாம்; ஸ்ட்ராவாவும் தான் திரட்டிய தரவுகளை நகரத் திட்டமிடுவோருக்கு வழங்கி வருகிறது. ஆனால் புதுக்குடியிருப்பில் கரியரில் புல்லுக்கட்டோடு போகும் விவசாயியும், பரந்தன் வீதியோரத்தில் புத்தகப்பையோடு மிதிக்கும் மாணவியும் அந்த வரைபடத்தில் இல்லை. உல்லாசச் சவாரி செய்யும் சிலரின் கோடுகளைப் பார்த்து வீதி அகலப்படுத்தப்படுமானால், பாதுகாப்பு மிகவும் வேண்டியவர்களே விடுபடுவர். அவர்களை எண்ணுவதற்குச் சந்தியில் ஆளை நிறுத்தி எண்ணுவதே இன்றும் நேர்மையான வழி.

ஆகவே செயலி வேண்டுமென்போர் வைத்துக்கொள்ளட்டும். பதிவு தமக்கு மட்டும் தெரியுமாறு அமைத்துக்கொள்வதும், பகிர விரும்பினால் வீட்டை ஒட்டிய தொடக்கத்தையும் முடிவையும் மறைப்பதும், வேக வரிசையை விட்டு வாரத்தின் நிமிடங்களை மாத்திரம் கூட்டிப் பார்ப்பதும் சில நொடிகளில் முடியும் காரியங்கள். அந்தக் கூட்டுத்தொகை 150ஐத் தாண்டிவிட்டால் சவாரி தன் கடமையைச் செய்துவிட்டது. முறிகண்டியில் ஆறுதலாக நின்று கச்சான் வாங்கலாம்.